கெமிஸ்ட் கையெழுத்து கேட்கும் இடங்கள்

வணக்கம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் நேயர் ஒருவரின் கடிதத்தை என் கையில் கொடுத்தார்கள். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு மூன்று வருடமாக வீட்டில் டியூஷன் எடுக்கும் ஒரு பெண் எழுதியது. "அறிவியல் படித்தால் வேலை உண்டு என்றார்கள், எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறார். அடியில் பின்குறிப்பாக ஒரு கேள்வி, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

நான் பேராசிரியரோ வேலைவாய்ப்பு அதிகாரியோ இல்லை. மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், எங்கள் பேச்சில் அது க்யூசி. வருடத்துக்கு நாற்பது ஐம்பது பிள்ளைகளாவது வேலை கேட்டு என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். ஒரு காலத்தில் அதே நாற்காலியில் சட்டை நனைய உட்கார்ந்தவன்தான் நானும்.

நம் ஊரில் டிகிரி முடிந்ததும் முதலில் வீட்டுக்கு வருவது டிஎன்பிஎஸ்சி கைடு. எழுதாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பம் போட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், சரி, இருந்தாலும் 20 லட்சம் 20 லட்சம்தான். அடுத்தது பி.எட். 2015 முதல் அது இரண்டு வருடப் படிப்பாகிவிட்டது, அப்புறம் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பியின் தேர்வு, அதற்குள் தலையில் நாலு நரை வந்துவிடும். ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஐந்து வருடம் கையில் பணம் வரும். ஆறாவது வருடம் பலர் வந்து நிற்பது கௌரவ விரிவுரையாளர் வேலையில். பதவிப் பெயரில் இருக்கிற அந்த கௌரவம் ஒன்றுதான் அங்கே நிரந்தரம்.

இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. அறிவியல் பட்டதாரி ஒருவர் உள்ளே இல்லையென்றால் கதவைத் திறக்கவே சட்டம் அனுமதிக்காத இடங்கள் சில இருக்கின்றன. வேலை தேடுகிறவர்கள் முதலில் அந்தக் கதவுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து தயாரிப்பதற்கான விதிகள் 1945-ல் வந்தவை. அதில் 71-ம் விதி, மருந்து உற்பத்தி யார் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்று சொல்கிறது. பி.பார்ம் படித்தவர் என்றால் பதினெட்டு மாத அனுபவம் போதும். வேதியியலை முக்கியப் பாடமாகப் படித்த சாதாரண பி.எஸ்சி. பட்டதாரியும் அந்த இடத்துக்கு வரலாம், அவருக்கு மருந்து உற்பத்தியில் குறைந்தது மூன்று வருட அனுபவம் வேண்டும், அவ்வளவுதான். மருந்தைப் பரிசோதிக்கும் பிரிவின் தலைவருக்கும் இதே மாதிரிதான், பட்டமும் பரிசோதனை அனுபவமும் இருந்து உரிமம் கொடுக்கும் அதிகாரி போதும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒப்புதல் வாங்கியவரை எங்கள் வட்டாரத்தில் அப்ரூவ்டு கெமிஸ்ட் என்பார்கள். ஒப்புதல் அவர் பெயரில் வருகிறது. விற்பனை படுத்துவிட்டது என்று விற்பனைப் பிரிவில் பத்து பேரை வேலையை விட்டு அனுப்பலாம், இவரை அனுப்புவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு இன்னொருவரைக் காட்டியாக வேண்டும். ஆலத்தூரிலும் புதுச்சேரியிலும் ஹைதராபாத்திலும் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பழைய ஒப்புதல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்து எழுந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2003-ல் விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கிடைத்தது என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் என்னை எடுத்தது ஒரு காண்ட்ராக்டர். காலையில் கம்பெனி கேட்டுக்குள் போனேன், கம்பெனி கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பெனி மாத்திரையைக் கரைத்து, அதில் மருந்து எவ்வளவு என்று டைட்ரேஷன் செய்து பார்த்தேன், சம்பளம் மட்டும் காண்ட்ராக்டர் கையால் ஒரு பழுப்பு உறையில் வரும். பி.எஃப். பிடித்தம் என்று ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது, அது எந்தக் கணக்கில் ஏறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து வேறு கம்பெனிக்கு மாறும்போது அனுபவச் சான்றிதழ் கேட்டேன். ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியின் லெட்டர்பேடில், இவர் எங்களிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். நன்னடத்தையை வைத்து என்ன செய்வது? மருந்துப் பரிசோதனை என்ற சொல்லே அதில் இல்லை. அந்த இரண்டு வருடத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அடுத்த இடத்தில் திரும்பவும் டிரெய்னியாகத்தான் சேர்ந்தேன்.

அதனால் வேலையில் சேரும் அன்று சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, யாருடைய ரோலில், அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில் எடுக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். காண்ட்ராக்ட் ரோல்தான் கிடைக்கிறது, வீட்டு நிலைமைக்கு வேறு வழி இல்லை என்றால் சேருங்கள், ஆனால் அனுபவச் சான்றிதழை யார் கொடுப்பார்கள், அதில் ஆய்வகப் பெயரும் செய்த பரிசோதனையும் வருமா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பி.எஃப். விஷயத்தில் இன்றைய பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். 2014-லிருந்து ஆளுக்கு ஒரு யுஏஎன் எண், எத்தனை கம்பெனி மாறினாலும் அதே எண்தான், பணம் ஏறியதா என்று ஃபோனிலேயே பாஸ்புக்கைப் பார்த்துவிடலாம். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈஎஸ்ஐயும் உண்டா என்று கேளுங்கள். வேலை நிலையானதா என்று ஜோசியரிடம் கேட்பதைவிட அந்தப் பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பார்ப்பது மேல்.

மருந்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். திருப்பூருக்கு வாருங்கள். சாயக் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டி ஆகிப்போன கதை எல்லோருக்கும் தெரிந்தது. 2011 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வராது என்ற ஏற்பாட்டைச் செய்தால்தான் மறுபடி திறக்கலாம் என்றது. ஊரே ஆடிப்போனது. ஆனால் அந்த ஏற்பாடு ஓட வேண்டும் என்றால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரை எடுத்து அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச்., கரைந்த உப்பைச் சொல்லும் டிடிஎஸ், கழிவுச் சுமையைக் காட்டும் சிஓடி பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஊர்களிலும் அப்படித்தான். ஆர்டர் குறைந்தால் தையல் மெஷின்கள் நிற்கலாம், பட்டறை ஓடுகிற வரைக்கும் தண்ணீரைச் சோதிக்காமல் விட முடியாது. நாற்றம் இருக்கும், ஷிப்ட் இருக்கும், பெண் கொடுக்க யோசிப்பார்கள், அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இயற்பியல் படித்தவர்கள் நமக்கு வங்கித் தேர்வை விட்டால் கதி இல்லை என்று நினைக்கிறார்கள். புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை கொடுக்கும் எந்த மருத்துவமனையும் மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் இல்லாமல் இயங்க முடியாது, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிக்காது. எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ அதற்கு ஒரு வழி. இடம் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு. அதே அணுசக்தித் துறையில் பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் பிள்ளைகளை உதவித்தொகையோடு இரண்டு வருடம் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது, கல்பாக்கத்துக்கும் அப்படி ஆள் எடுக்கிறார்கள். அதில் வயது வரம்பு இறுக்கமானது, டிகிரி முடித்த சூட்டோடு விண்ணப்பம் போட வேண்டும், மூன்று வருடம் கழித்து விளம்பரத்தைப் பார்த்து மனம் வெதும்பியவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். நுண்ணுயிரியல், விலங்கியல் பிள்ளைகள் தூத்துக்குடிப் பக்கம் இறால் ஏற்றுமதியைப் பாருங்கள். குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபுரான் மாதிரியான மருந்து எச்சம் இருந்தால் வெளிநாட்டில் சரக்கையே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் சோதனை செய்யாமல் யாரும் கப்பல் ஏற்ற மாட்டார்கள்.

சரி, உள்ளே நுழைவது எப்படி? மருந்தில் கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் பயிற்சி, நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று பல்லாயிரம் கட்டச் சொல்லும் விளம்பரங்களை நானும் பார்க்கிறேன். அந்தக் கருவியை எங்கள் ஆட்களே மூன்று மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பணம் கட்டுவதற்குப் பதில் தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தைப் பாருங்கள். 2014-ல் தொழிற்பழகுநர் சட்டத்தைத் திருத்திய பிறகு பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் அப்ரண்டிஸ் ஆகலாம். அவர்கள் உங்களுக்கு உதவித்தொகை தருவார்கள், முடிவில் சான்றிதழும் உண்டு. என் அனுபவச் சான்றிதழோடு ஒப்பிட்டால் அது தங்கம்.

நேர்காணலில் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். பெர்மாங்கனேட் டைட்ரேஷன் செய்திருக்கிறாயா? ஏன் கந்தக அமிலம் சேர்த்தாய், ஹைட்ரோகுளோரிக் சேர்த்தால் என்ன? பியூரெட் குழாயில் மேல் விளிம்பைப் பார்த்து ஏன் அளவு குறித்தாய்? எழுபத்தைந்து சதவீதம் மார்க் வாங்கிய பிள்ளைகள் இதில் முழிக்கிறார்கள், செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியதுதான் காரணம். பதில் இதுதான்: பெர்மாங்கனேட், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருக்கும் குளோரைடையும் சேர்த்து ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், கணக்கு தப்பும். அடர் ஊதாக் கரைசலில் திரவ மட்டத்தின் கீழ் வளைவு கண்ணுக்குத் தெரியாது, அதனால் மேல் விளிம்பு. கையால் செய்தவனுக்கு இது மறக்காது.

அடுத்து ஒரு தாளைக் கொடுப்பேன். எடை 0.5012 கிராம், நீ 0.5021 என்று எழுதிவிட்டாய், என்ன செய்வாய்? பெரும்பாலானவர்கள் அடித்துக் கிறுக்குவார்கள், சிலர் ஒயிட்னர் கேட்பார்கள். பழைய எண் படிக்கத் தெரிகிற மாதிரி குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் மருந்தைப் பார்ப்பதற்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள். ஒருமுறை ஒரு பையனுக்கு இந்த விதி தெரியவில்லை, ஆனால் "தப்பா எழுதிட்டேன்னு உங்ககிட்ட வந்து சொல்லிடுவேன் சார்" என்றான். அவனை எடுத்தேன்.

இப்போது கடிதத்தின் பின்குறிப்புக்கு வருகிறேன். "மூன்று வருட இடைவெளியைக் கேட்டால் என்ன சொல்வது?" என்கிறார் அந்தத் தங்கை. டியூஷன் எடுத்தேன் என்றே சொல்லம்மா. நான் உன்னை நேர்காணல் செய்தால் மோலாரிட்டிக்கும் நார்மாலிட்டிக்கும் என்ன வித்தியாசம், பிளஸ் டூ பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொல் என்பேன், மூன்று வருடம் அதையே சொல்லிக் கொடுத்த நீ நேற்று டிகிரி வாங்கியவர்களைவிட நன்றாகச் சொல்வாய். சம்பளம் முதல் வருடம் உன் டியூஷன் வருமானத்தைவிடக் குறைவாக இருந்தாலும் இருக்கும், வீட்டில் அதை முதலிலேயே சொல்லிவிடு. அப்புறம், எம்.எஸ்சி. ரெக்கார்ட் நோட்டு பரணில்தானே கிடக்கும்? இறக்கித் தூசி தட்டி, முதல் பருவத்திலிருந்து ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்பு. நன்றி, வணக்கம்.