சரக்கு போகும், தங்குவது எது?

(சமூக மன்றக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மாதந்தோறும் 17ஆம் தேதி வாக்கில் ஓர் எண் வெளிவரும். நம்மில் சிலர் நாலு நம்பர் லாட்டரி முடிவுக்குக் காத்திருப்பார்களே, அப்படி நான் அதற்குக் காத்திருப்பேன். சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் காகிதம் சுமந்தவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் வெளியிடும் அந்த எண்ணுக்கு ‘எண்ணெய் சாரா உள்நாட்டு ஏற்றுமதி’ என்று பெயர். ஏறினால் செய்தியில் மகிழ்ச்சி, இறங்கினால் கவலை.

2023இல் அது 13.1 விழுக்காடு விழுந்தது. அப்படியானால் நம் பொருளியல் சுருங்கியிருக்க வேண்டும் அல்லவா? சுருங்கவில்லை, 1 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. மறு ஆண்டு ஏற்றுமதி வெறும் 0.2 விழுக்காடு ஏறியது, பொருளியலோ 4.4 விழுக்காடு வளர்ந்தது. கணக்கு எங்கோ உதைக்கிறதே!

உதைக்கவில்லை. அந்த எண் இங்கே செய்த பொருள்களை மட்டும்தான் எண்ணுகிறது. நம் ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி, வேறெங்கோ செய்து இங்கே வந்து திரும்பிப் போகும் மறுஏற்றுமதி. பினாங்கிலிருந்து வரும் கணினிச் சில்லு சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறது. பிரித்து, வேறு பெட்டியில் போட்டு, சீனாவுக்கு ஏற்றுகிறோம். வரும்போது இறக்குமதியில் ஒரு முறை, போகும்போது ஏற்றுமதியில் ஒரு முறை என்று ஒரே சில்லு இரண்டு கணக்கிலும் ஏறுகிறது. சேவைகளையும் சேர்த்தால் நம் மொத்த வர்த்தகம் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருப்பது இப்படித்தான். தேக்கா சந்தையில் காய்கறிக் கடைக்காரர் ஒரு நாளில் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்றால் ஆயிரமும் அவர் சம்பாத்தியமா? கையில் நிற்பது என்ன என்றுதானே கேட்போம்.

அந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கடன் கொடுத்து வாங்கிய கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மேசைப்பெட்டி, தரையில் உட்கார்ந்து வரவு செலவு. மலாயாவின் ரப்பருக்கும் வெள்ளீயத்துக்கும் அங்கிருந்து கடன் போயிற்று. ரப்பர் கப்பலேறிற்று, ஈயம் கப்பலேறிற்று, வட்டி மட்டும் மார்க்கெட் ஸ்திரீட்டில் தங்கிற்று. அதில் ஒரு பங்கு செட்டிநாட்டில் வீடாக எழும்பியது வேறு கதை! இன்று வங்கிகள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேசில் உட்கார்ந்து, ஆப்பிரிக்காவில் ஏற்றிய எண்ணெயைச் சீனாவுக்கு விற்கிறார்கள். அந்த எண்ணெய் நம் கடலைக்கூடப் பார்க்காது. லாபமும், அதைச் சுற்றியுள்ள வங்கி, காப்புறுதி, வழக்கறிஞர் வேலைகளும் இங்கே தங்கும்.

இப்படித் தங்க வைப்பது எது? எனக்குத் தெரிந்த வரையில் வேகமும் நம்பிக்கையும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பெர்மிட் எடுக்கக் கட்டுக்காகிதத்தோடு கவுன்டர் கவுன்டராக ஏறி இறங்குவோம். ஒரு முத்திரை தப்பினால் மறுநாள்தான். 1989இல் பெர்மிட்டைக் கணினி வழியே எடுக்கும் டிரேட்நெட் வந்தது. நாள்கணக்கில் இழுத்த வேலை நிமிடக்கணக்கில் முடிந்தது. எங்கள் ஓட்டப்பையன்கள் பாதிப்பேர் வேறு வேலை தேடினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். துறைமுகமும் அப்படித்தான். 1972 ஜூனில் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. 2024இல் சிங்கப்பூர் கையாண்டது, இருபதடிக் கணக்கில், 4 கோடியே 11 லட்சம் பெட்டி. பெரும்பாலானவை நம் மண்ணில் இளைப்பாறி அடுத்த கப்பலில் ஏறிப் போனவை.

ஆனால் ஊரார் சரக்கை வைத்துப் பிழைப்பவனுக்கு ஊரார் நோவும் வந்து சேரும். 1985இல் சுதந்திரத்துக்குப் பின் முதல் மந்தநிலை. வெளியே தேவை தளர்ந்தது, உள்ளே சம்பளச் செலவு உயர்ந்திருந்தது. 1986இல் ஊழியரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு, சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. வீட்டுக் கடனைச் சேம நிதியிலிருந்து கட்டிக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்கள் அன்றுதான் ஏற்றுமதி என்ற சொல்லுக்குப் பொருள் கற்றோம்.

வட்டாரமே சேர்ந்து வளர்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஆசியான் தடையற்ற வர்த்தக வட்டாரத்துக்கு 1992இல் இதே சிங்கப்பூரில்தான் கையெழுத்தானது. இன்றும் ஆசியான் நாடுகள் தங்களுக்குள் செய்யும் வர்த்தகம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். காரணம் எளிது. ஒருவருக்கொருவர் உதிரிபாகம் விற்கிறோம், முழுப் பொருளை வாங்குபவர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சீனாவிலும் இருக்கிறார். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வியட்நாமுக்கு 46 விழுக்காடு வரி அறிவித்தது, பின்னர் 20 ஆக்கியது. நமக்கு அப்போது விதித்தது 10. நம்மோடு 2004 முதல் தடையற்ற வர்த்தக உடன்பாடு வைத்திருக்கும் நாடு, நம்மிடம் வாங்குவதைவிட அதிகம் நமக்கு விற்கும் நாடு, அப்படியும் 10. ஆனால் அந்தப் பத்தைவிட வியட்நாமின் இருபதைத்தான் நான் கவலையோடு பார்த்தேன். அங்கே ஒரு தொழிற்சாலை ஒரு ஷிஃப்டைக் குறைத்தால் நம் துவாஸ் துறைமுகத்தில் பெட்டி குறையும்.

நாணயத்தைப் பற்றி ஒரு சொல். பல நாடுகள் வட்டியை ஏற்றி இறக்கும், நம் நாணய ஆணையம் 1981 முதல் வெள்ளியின் மாற்று விகிதத்தைத்தான் கருவியாக வைத்திருக்கிறது. சாப்பாடே இறக்குமதியாகும் ஊரில் அதுதான் பொருத்தம். ஊருக்குப் பணம் அனுப்புபவர்கள் ஒரு வெள்ளிக்கு முப்பது ரூபாய்கூட வராத காலத்தையும் அறுபதைத் தாண்டிய காலத்தையும் பார்த்திருக்கிறார்கள். அதில் வெள்ளியின் பலம் ஒரு பங்கு, ரூபாயின் தளர்ச்சிதான் பெரும்பங்கு.

பின்வரிசையில் ஓர் அக்கா கை தூக்குகிறார்... அரிசியா? நல்ல கேள்வி அக்கா. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அடுத்த மாதம் புழுங்கலுக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. ஆகஸ்ட் முடிவதற்குள் சிங்கப்பூருக்குத் தனி விலக்கு கிடைத்தது. அந்த வாரங்களில் எங்கள் புளோக் கீழ்க்கடையில் பொன்னி மூட்டைக்குப் பக்கத்தில் ‘வீட்டுக்கு ஒன்று’ என்று அட்டை தொங்கியது. விலக்கு வந்த செய்தியைச் சொன்னேன். கடைக்காரர் அட்டையைக் கழற்றவில்லை. “கப்பல் வரட்டும் அண்ணே” என்றார்.