எத்தனை பேரைத் தடை செய்தார்கள் என்பது அளவுகோலே இல்லை: ஆண்டி-சீட் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது?

[திரையில்: சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் ஒரு வீரர். சுவருக்கு மறுபுறம் ஒரு துப்பாக்கி முனை மெதுவாக நகர்கிறது.]

நீங்கள் ஒரு சுவருக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரிக்கு உங்களைத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் அவருடைய துப்பாக்கி முனை அந்தச் சுவரின் மேல் ஊர்ந்து வந்து, உங்கள் தலை எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே நிற்கிறது. எட்டிப் பார்க்கிறீர்கள். ஒரே குண்டு. முடிந்தது.

உங்களைக் கொன்றவரின் பார்வையில் அந்தக் காட்சியைக் காட்டும் கில்கேமை இரண்டு முறை ஓட்டிப் பார்க்கிறீர்கள். ஹேக்கரா, இல்லை நன்றாக விளையாடுகிறவரா?

அந்தச் சந்தேகம் ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் அப்புறம் ஆட்டத்தில் ருசி இருக்காது. நான் ஒருமுறை கோபத்தில் ஒருவரை ரிப்போர்ட் செய்துவிட்டு, பிறகு ரீப்ளேவைப் பார்த்தேன். நான் ரீலோட் செய்த சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். நேர்மையாக விளையாடிய ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட்டேனே என்று அன்றைக்கு வருத்தப்பட்டேன்.

ஆக, விளையாட்டில் ஏமாற்றுவதைத் தடுக்கும் ஆண்டி-சீட் மென்பொருளுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஏமாற்றுகிறவரைப் பிடிக்க வேண்டும். ஏமாற்றாதவர் மேல் நமக்கு நம்பிக்கை இருக்கும்படியும் செய்ய வேண்டும். இதை அது எந்த அளவுக்குச் செய்கிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: வேகமாக ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்.]

முதலில் ஒரு எண். 2018 ஜனவரியில், அந்த ஒரே மாதத்தில், பப்ஜி விளையாட்டில் 10 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகளைத் தடை செய்ததாக பேட்டில்ஐ அறிவித்தது. பப்ஜிக்குக் காவல் இருந்த ஆண்டி-சீட் அது. கேட்டவுடன் பெரிய சாதனை போலத் தெரியும். ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு மாதத்தில் 10 லட்சம் கணக்குகளைப் பிடிக்க முடிந்தது என்றால், முதலில் அத்தனை கணக்குகள் உள்ளே வந்திருக்கின்றன. பிடிபடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் எத்தனை மேட்ச்களைக் கெடுத்திருக்கும்? பிடிபட்டவர்களில் எத்தனை பேர் மறுநாளே புதுக் கணக்கோடு திரும்பியிருப்பார்கள்? அந்த எண்ணில் இதற்கெல்லாம் பதில் இல்லை. நிறுவனங்கள் இப்படிப்பட்ட எண்களைத்தான் விரும்பி வெளியிடுகின்றன. அதை மட்டும் வைத்து எந்த ஆண்டி-சீட்டையும் நான் நல்லது என்று சொல்ல மாட்டேன்.

சரி, இது ஏன் இவ்வளவு கஷ்டமான வேலை?

சீட்டாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஆடுகிறார்கள். சீட்டைப் போடுகிறவர் நான்கு பேருடைய சீட்டையும் உங்கள் மேசையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, ‘மற்றவர்கள் சீட்டைப் புரட்டிப் பார்க்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அறையில் நீங்கள் மட்டும்தான். பெரும்பாலான ஷூட்டிங் விளையாட்டுகள் நெடுங்காலமாக இப்படித்தான் நடந்து வந்தன. எதிரிகள் எங்கே நிற்கிறார்கள் என்ற தகவலை சர்வர் உங்கள் கணினிக்கு அனுப்பிவிடும். அது உங்கள் மெமரியில் இருக்கும். திரையில் சுவர் மறைப்பதால் உங்கள் கண்ணுக்குத்தான் தெரியாது. அந்த மெமரியைப் படித்து, எதிரியைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து காட்டுகிற நிரல்தான் வால்ஹேக். அதே தகவலை வைத்துத் துப்பாக்கியைத் தானாகத் திருப்பினால் எய்ம்பாட்.

கணினி ஏமாற்றுகிறவருடையது, இயங்குதளமும் அவருடையது. அதற்குள் ஒரு விருந்தாளி போலப் போய் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரரையே வேவு பார்க்க வேண்டும். ஆண்டி-சீட்டின் நிலைமை இதுதான்.

[திரையில்: 2000, 2002 என்று இரண்டு ஆண்டுகள்.]

2000-இல் பங்க்பஸ்டர் என்ற ஆண்டி-சீட் வந்தது. 2002-இல் வால்வ் நிறுவனத்தின் வேக் வந்தது. அன்றைய முறை வைரஸ் ஸ்கேனர் மாதிரி. தெரிந்த சீட் நிரல்களின், அதாவது ஏமாற்ற உதவும் நிரல்களின், அடையாளங்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, உங்கள் கணினியில் அதில் ஏதாவது ஓடுகிறதா என்று தேடும். இதன் பலவீனம் உடனே புரியும். நிரலைக் கொஞ்சம் மாற்றி எழுதினால் அடையாளம் மாறிவிடும். விலைக்கு விற்கும் சில சீட்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி வடிவத்திலேயே போகின்றன.

ஆனால் இந்தப் பழைய முறையில் ஒரு நல்ல தந்திரம் இருந்தது, இன்றும் இருக்கிறது. கண்டுபிடித்த உடனே தடை செய்வதில்லை. சில நாட்கள், சில வாரங்கள் காத்திருந்து மொத்தமாகத் தடை செய்வார்கள். உடனே தடை செய்தால், எந்த மாற்றத்தால் மாட்டினோம் என்று சீட் எழுதியவருக்குத் தெரிந்துவிடும். தாமதித்தால் தெரியாது. இதற்கு நாம் கொடுக்கும் விலை, அந்த இடைப்பட்ட நாட்களில் அவர்களோடு விளையாட வேண்டியிருப்பது.

2023 பிப்ரவரியில் தன் டோட்டா 2 விளையாட்டில் வால்வ் செய்தது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஒரு அப்டேட்டோடு சேர்த்து, விளையாட்டின் தகவல்களுக்குள் ஒரு பகுதியைப் புதைத்து வைத்தார்கள். சாதாரணமாக விளையாடும்போது அந்தப் பகுதியை யாரும் படிக்கவே மாட்டார்கள். குறிப்பிட்ட சீட்கள் மட்டும்தான் அதைத் தொடும். பொறியில் வைத்த தேங்காய்ச் சில் மாதிரி. தொட்டவர்கள் எல்லோரும் தாங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் தடை செய்யப்பட்டன. யாருடைய கணினியையும் துழாவி ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

ஊகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2010-இல் மாடர்ன் வார்ஃபேர் 2 விளையாடிய சுமார் 12,000 பேரை வேக் தவறாகத் தடை செய்தது. ஒரு கோப்பு வட்டில் ஒரு மாதிரியும் மெமரியில் வேறு மாதிரியும் இருந்தது, அதனால் சந்தேகம். அந்த வேறுபாட்டுக்குக் காரணம், வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீமின் சொந்த அப்டேட். வால்வ் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு லெஃப்ட் 4 டெட் 2 விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார். 2023 அக்டோபரில் இன்னொன்று. சிப் நிறுவனமான ஏஎம்டி தன் கிராபிக்ஸ் டிரைவரில் (வன்பொருளை இயக்கும் மென்பொருளில்) ஆண்டி-லேக் பிளஸ் என்ற வசதியைக் கொடுத்தது. அது விளையாட்டின் உள்ளே கை வைத்ததால், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் அதைப் போட்டவர்கள் சீட்டர்களாகத் தடை செய்யப்பட்டார்கள். டிரைவரைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இந்த இரண்டிலும் தவறு வெளியே தெரிந்தது, திருத்தினார்கள். தனியாக ஒருவர் தவறாக மாட்டினால்? ‘எல்லா சீட்டரும் இப்படித்தான் சொல்வார்கள்’ என்று ஒரே வரியில் மனுவைத் தள்ளிவிடுவார்கள். தவறான தடை எவ்வளவு குறைவு என்பதும் ஆண்டி-சீட்டின் தரத்தில் பாதி. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

[திரையில்: ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். நடுவில் ‘கெர்னல்’ என்று எழுதியிருக்கிறது.]

அப்புறம் சண்டை கெர்னலுக்கு இறங்கியது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிமடி. மெமரி, வட்டு, விசைப்பலகை எல்லாவற்றையும் ஆளும் இடம். மேலே ஓடுகிற நிரலுக்குக் கீழே நடப்பது தெரியாது, கீழே இருப்பவருக்கோ எல்லாம் தெரியும். சீட் எழுதுகிறவர்கள் கீழே போய் ஒளிந்துகொண்டார்கள். பிழையுள்ள ஏதோ ஒரு பழைய டிரைவரைப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக உள்ளே நுழைவது அவர்களுடைய வழக்கமான வழி. ஆண்டி-சீட்டும் பின்னாலேயே இறங்கியது.

2020-இல் வேலொரன்ட் விளையாட்டோடு வந்த வேன்கார்ட் ஒரு படி மேலே போனது. கணினி துவங்கும்போதே அதன் டிரைவரும் துவங்கிவிடும். அணைத்து வைக்கலாம், ஆனால் மறுபடி விளையாட கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். விளையாடாத நேரத்திலும் ஏன் ஓட வேண்டும் என்று அப்போது பெரிய கூச்சல். காரணம் எளிது. கெர்னலில் யார் முதலில் வந்து உட்காருகிறாரோ, அவர் தனக்குப் பின்னால் வருகிறவரிடம் பொய் சொல்ல முடியும். சீட் முதலில் வந்துவிட்டால், ஆண்டி-சீட் எதைக் கேட்டாலும் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்ற பதில்தான் வரும்.

இது வேலை செய்கிறதா? செய்கிறது என்றுதான் சொல்வேன். அதற்கு நான் பார்க்கும் அளவுகோல் சீட் நிரலின் விலை. பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே கோணத்தில் சீட் விற்கும் தளங்களை ஆராய்ந்தார்கள். ஆண்டி-சீட் வலுவாக இருக்கும் விளையாட்டுகளுக்கு சீட் விலை அதிகம், பலவீனமான இடத்தில் மலிவு. விற்கிறவருக்குத்தானே தெரியும், எந்தப் பூட்டை உடைப்பது கஷ்டம் என்று.

வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். மெமரியை நேரடியாகப் படிக்கும் ஒரு வன்பொருள் அட்டையைக் கணினியில் செருகுகிறார்கள். டிஎம்ஏ அட்டை என்பார்கள். சீட் நிரல் ஓடுவது பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கணினியில். விளையாடும் கணினியில் தேடினால் சீட் நிரல் எதுவும் கிடைக்காது. இதைத் தடுக்க, அட்டை தன்னை வேறு ஏதோ சாதாரண சாதனம் என்று பொய் சொல்கிறதா என்று ஆண்டி-சீட் சோதிக்கிறது. கணினியின் பாதுகாப்பு அமைப்புகளை இயக்கி வைக்கும்படியும் கட்டாயப்படுத்துகிறது. கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்ற போட்டி முடியவில்லை. ஆனால் ஒரு காலத்தில் இலவசமாக இறக்கிய கோப்பு போதும் என்று இருந்த இடத்தில், இன்று இரண்டாவது கணினியும் தனி அட்டையும் வேண்டியிருக்கிறது. சும்மா ஆசைப்பட்டு ஏமாற்றுகிறவர்களில் பெரும்பகுதி இதைப் பார்த்ததுமே விலகிவிடுவார்கள்.

[திரையில்: ஒரு வேலி. அதற்குப் பின்னால் பயிர்.]

ஆனால் கெர்னல் வரை ஒருவரை உள்ளே விடுவது சாதாரண விஷயமா? வேலியே பயிரை மேய்ந்த கதை உண்மையில் நடந்திருக்கிறது. 2013-இல் இஎஸ்இஏ என்ற போட்டித் தளத்தின் ஆண்டி-சீட் மென்பொருளுக்குள்ளேயே பிட்காயின் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது தெரியவந்தது. சுமார் 14,000 கணினிகளில், உரிமையாளர்களுக்குத் தெரியாமல், அவர்களுடைய கிராபிக்ஸ் அட்டைகளை வைத்துப் பணம் பண்ணியிருக்கிறார்கள். வழக்கு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில அரசு வரை போனது.

2022-இல் நடந்தது இன்னும் கவலை தருவது. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஆண்டி-சீட் டிரைவரை மட்டும் தனியாக எடுத்து, கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று தன் தாக்குதலுக்குப் பயன்படுத்தியதை ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. முறையாகக் கையொப்பமிட்ட டிரைவர் என்பதால் விண்டோஸ் அதை நம்பி ஏற்றுக்கொண்டது. அதை வைத்து ஆண்டிவைரஸை நிறுத்தினார்கள். பாதிக்கப்பட்ட கணினியில் அந்த விளையாட்டு இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. விளையாட்டையே தொடாதவர்களுக்கும் வந்த ஆபத்து இது. ஒரு நிறுவனம் கெர்னலில் இடம் கேட்டால், அந்த டிரைவரை எத்தனை ஆண்டுகள் பராமரிப்போம், ஓட்டை தெரிந்தால் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாமும் கேட்க வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கால் ஆஃப் டூட்டிக்கு சீட் விற்ற எஞ்சின்ஓனிங் மீது ஆக்டிவிஷன் போட்ட வழக்கில், 2024-இல் அமெரிக்க நீதிமன்றம் 1.4 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. விற்கிறவர்களைப் பயமுறுத்த இது உதவும், வாங்குகிறவரை நிறுத்தாது.

[திரையில்: சர்வர் அறை.]

இப்போது எனக்கு அதிக நம்பிக்கை தரும் இடத்துக்கு வருகிறேன். அது சர்வர். அங்கே கணினி நிறுவனத்துடையது. ஏமாற்றுகிறவருக்கு அங்கே இடமில்லை.

வால்வின் வேக்நெட் ஆட்டங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஒரு செயற்கை நுண்ணறிவு. யார் எப்படிக் குறி வைக்கிறார், எத்தனை வேகத்தில் திரும்புகிறார் என்று பார்த்து, சந்தேகமானதை அப்போது மனித நடுவர்களிடம் அனுப்பியது. 2018-இல் வால்வ் பொறியாளர் சொன்ன கணக்கு இது: ஆட்டக்காரர்கள் ரிப்போர்ட் செய்த வழக்குகளில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் என்று முடிந்தது. வேக்நெட் அனுப்பியவற்றில் 80 முதல் 95 சதவீதம். முதல் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். நாம் ஹேக்கர் என்று விரல் நீட்டிய வழக்குகளில் பெரும்பாலானவை நிரூபணம் ஆகவே இல்லை. நான் ரிப்போர்ட் செய்த அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வால்ஹேக்கை மட்டும் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே சில குண்டுகளைத் தவறவிட்டு, அடக்கி வாசிக்கிறவரைப் புள்ளிவிவரத்தால் பிடிப்பது கடினம். அவரைத் தடுக்கத்தான் இன்னொரு வழி இருக்கிறது. முன்னால் சொன்ன சீட்டாட்டத்தில், மற்றவர்களுடைய சீட்டை அவர் மேசையில் வைக்காமலே இருப்பது.

வேலொரன்ட் சர்வர் அதைத்தான் செய்கிறது. எதிரி உங்கள் பார்வைக்கு வரப்போகும் தறுவாயில்தான் அவர் இருக்கும் இடத்தை உங்கள் கணினிக்கு அனுப்புகிறது. அதுவரை அந்தத் தகவல் உங்கள் கணினியிலேயே இல்லை. படிக்க ஒன்றும் இல்லாத மெமரியை எந்த அட்டையால் படித்தால் என்ன? முழுக்க மறைக்கவும் முடியாது. இணைய வேகம் ஆளுக்கு ஆள் வேறு. கடைசி நொடியில் அனுப்பினால் எதிரி காற்றிலிருந்து குதித்தது போலத் தோன்றுவார். அதனால் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் சீட்டருக்கும் கிடைக்கும். அதோடு, யார் யாரைப் பார்க்க முடியும் என்று ஒவ்வொரு கணமும் கணக்குப் போட சர்வருக்குச் செலவு அதிகம். நூறு பேர் ஆடும் பெரிய வரைபடத்தில் அந்தச் செலவு மிகவும் கூடிவிடும். ஆனாலும் ஒரு நிறுவனம் தன் பணத்தை எங்கே போட வேண்டும் என்று கேட்டால், நான் இங்கேதான் கை காட்டுவேன்.

[திரையில்: ஆரம்பத்தில் பார்த்த அதே சுவர். இந்த முறை எதிரியின் திரை.]

அந்தச் சுவருக்கே திரும்பிப் போவோம். நீங்கள் அதே இடத்தில், அதே மாதிரி மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரி காசு கொடுத்து வாங்கிய வால்ஹேக்கைப் போட்டிருக்கிறார். அவர் திரையில் சுவர் இருக்கிறது, அதற்குப் பின்னால் எந்தக் கட்டமும் இல்லை. அவர் எந்த மூலையைப் பார்ப்பது என்று தெரியாமல் துப்பாக்கியை இங்கும் அங்கும் திருப்புகிறார். உங்களுக்கு அவருடைய காலடிச் சத்தம் கேட்கிறது.