மண்ணில் தங்காத மழை

நேயர்களுக்கு வணக்கம். பாதுகாப்பு என்றால் எல்லையும் இராணுவமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. உணவு, வருவாய், உடல்நலம் பற்றிய அச்சமில்லாமல் வாழ்வதும் பாதுகாப்பே என்று 1994ஆம் ஆண்டின் ஐ.நா. மனித வளர்ச்சி அறிக்கை சொன்னது. அரைவறண்ட நிலங்களில் அந்தப் பாதுகாப்பு மண்ணின் ஈரத்தை நம்பி இருக்கிறது.

மழையின் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் நிலத்தின் ஈரம் விரைவாக உறிஞ்சப்படுகிறது. பெய்யும்போதோ கொட்டித் தீர்க்கிறது. விதைத்த பயிர் வாடியபின் ஒரே நாளில் கொட்டும் மழை, இறுகிய மண்ணில் இறங்காமல் ஓடிவிடும். ஆண்டு மழைக்கணக்கு சரியாக இருக்கும். குதிர் காலியாக இருக்கும்.

இதைப் பேசும்போதெல்லாம் மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டு விவசாயி யாகூபா சவடோகோவைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. 1980களில் கடும் வறட்சி. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போய்க்கொண்டிருந்தன. சந்தை வியாபாரத்தை விட்டுவிட்டு அவர் நிலத்துக்குத் திரும்பினார். பாறைபோல் இறுகிய தரையில் குழி தோண்டுவது அங்கே பழைய வழக்கம்தான். அவர் அந்தக் குழிகளைப் பெரிதாக்கினார், கோடையிலேயே தோண்டினார், எருவும் இட்டார். பைத்தியம் என்றார்கள். எருவைத் தேடிக் கறையான்கள் வந்தன. அவை குடைந்த வழிகளில் மழைநீர் உள்ளே இறங்கியது. ஆமாம், நாம் விரட்டுகிற அதே கறையான்தான்! சோளமும் கம்பும் விளைந்தன. மரக்கன்றுகளையும் விடாமல் வளர்த்தார், தரிசு காடாயிற்று. ஒருமுறை சிலர் அதற்குத் தீ வைத்தார்கள், அவர் மறுபடியும் நட்டார். 2023இல் மறைந்த அவருடைய முறையை அண்டை நாட்டு விவசாயிகளும் பின்பற்றுகிறார்கள். மீண்டும் சொல்கிறேன்: மழையின் அளவு மட்டும் போதாது, அங்கே பெய்த மழை மண்ணில் தங்கியது.

நேரம் குறைவாக இருக்கிறது. மேய்ச்சல்காரர்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். வறட்சியில் எல்லோரும் ஒரே சமயத்தில் மாடுகளை விற்பதால் மாட்டு விலை சரியும், தானிய விலை ஏறும். மேய்ச்சல் தேடி அறுவடைக்கு முன்பே வயல்பக்கம் வந்தால் மோதல் மூளும். கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010இல் ஒரு கால்நடைக் காப்பீடு தொடங்கியது. மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் அளந்து சொல்லும். அதை வைத்து இழப்பீடு தருவார்கள். முதலில் மாடுகள் செத்தபிறகே பணம் கைக்கு வந்தது. பின்னர் தீவனம் வாங்க உதவும்படி முன்கூட்டியே தரும் முறைக்கு மாற்றினார்கள். மற்ற நாடுகளும் அப்படித்தான் தர வேண்டும்: மாடு உயிரோடு இருக்கும்போதே.