கரைந்துபோன கட்டியை எங்கே தேடுவது?

(மார்பகப் புற்றுநோய் பற்றிய பொதுக்கூட்டம் ஒன்றில் ஓர் அறுவை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பெண்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் கணவன்மார்கள் சிலரும் இருக்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்து வந்தார்களோ என்னவோ! நீங்களும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

மாதக்கணக்கில் கீமோ முடித்துவிட்டு ஆபரேஷனுக்கு வரும் அம்மாக்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “கட்டிதான் கரைஞ்சுபோச்சே டாக்டர், இனிமே எதை எடுக்கப் போறீங்க?” நியாயமான கேள்வி. தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது. ஸ்கேனில்கூடச் சில சமயம் எதுவும் தெரியாது. ஆனால் நிஜமாகவே கரைந்துவிட்டதா என்பதை, கட்டி இருந்த இடத்துச் சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

மார்பை முழுதாக எடுத்த காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. கட்டி எந்த மூலையில் இருந்தால் என்ன, எல்லாமே போய்விடும். இத்தாலியில் வெரோனேசி 1981-லும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1985-லும், இருவரும் அறுவை மருத்துவர்கள், தங்கள் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். தக்க நோயாளிகளுக்குக் கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்றார்கள். இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2002-ல் இரு குழுவினரும் அதையே மறுபடி சொன்னார்கள். மார்பு தப்பியது. இடம் தேடும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்-ரே, எடுக்கும்போது நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள். மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து நன்றாக அழுத்துவார்கள். ஆபரேஷன் மேசையில் மல்லாந்து, கையை விரித்துப் படுத்திருப்பீர்கள். மார்பு பக்கவாட்டில் சரிந்து கிடக்கும். படத்தில் நடுவே தெரிந்த புள்ளி இப்போது எங்கே போயிருக்கும்? கைக்கும் தட்டுப்படாத கட்டி என்றால் குத்துமதிப்பாகத்தான் வெட்ட வேண்டும். மார்பில் குத்துமதிப்பு வேலை ஆகாது.

அதற்காக 1970-களில் வந்ததுதான் கொக்கிக் கம்பி. ஸ்கேன் பார்த்தபடியே ஊசி வழியாக மெல்லிய கம்பியைக் கட்டிக்குள் விடுவார்கள். நுனியில் இருக்கும் கொக்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் வழியே போனால் கட்டி. இன்றும் உலகம் முழுக்க வேலை செய்கிற முறை இது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளியின் பக்கம் நின்று பாருங்கள். வெறும் வயிற்றோடு காலையில் வர வேண்டும். ஸ்கேன் அறையில் கம்பி வைத்து, மேலே பஞ்சை மூடி ஒட்டி, அப்படியே ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்க வேண்டும். சிலர் மயங்கி விழுந்துவிடுவார்கள். கம்பி நகர்ந்துவிடவும் கூடும். அன்றைக்கு ஸ்கேன் அறையில் தாமதம் என்றால் தியேட்டரிலும் தாமதம்.

கம்பிக்குப் பதிலாக அரிசியைவிடச் சிறிய விதை ஒன்றை முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டால்? அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டையொட்டி அயோடின்-125 அடங்கிய டைட்டானியம் விதையை வைத்துப் பார்த்தார்கள். நீளம் சுமார் 4.5 மில்லிமீட்டர். கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 60 நாள் ஆகும் என்பதால் ஆபரேஷன் அன்றே வைக்க வேண்டிய அவசரம் இல்லை. கதிரியக்கத்தை உணரும், கையில் பிடிக்கும் காமா கருவி, விதையை நெருங்க நெருங்கச் சத்தம் போடும். சிக்கல் வேறு இடத்தில். அது கதிரியக்கப் பொருள். வைத்த விதை, எடுத்த விதை, எடுத்த சதையைச் சோதிக்கும் பேத்தாலஜிக்குப் போன விதை என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

அப்புறம் காந்த விதை வந்தது. கதிரியக்கம் இல்லை, ஆனால் பக்கத்தில் எஃகுக் கத்தரி இருந்தாலே கருவி குழம்பிவிடும், வேறு உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கருவிகள் வேண்டும். ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் விதையும், ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் விதையும் உண்டு. எல்லாம் அழகான பொறியியல்தான். ஆனால், கட்டியின் ஓரம் சரியாக எடுபடாமல் இரண்டாம் முறை ஆபரேஷன் செய்ய நேர்வது இவற்றால் பெரிதாகக் குறைந்ததா என்றால், பல ஒப்பீடுகளில் கம்பியும் விதையும் ஏறக்குறைய சமமாகவே நிற்கின்றன. தேதி வைப்பதில் வசதி, நோயாளிக்கு நிம்மதி: லாபம் அங்கேதான். விலையோ நம்மில் பலருக்கு எட்டாது.

நம் ஊரில் பெரிய கட்டியோடு வருகிறவர்கள் அதிகம். அதனால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்குகிறோம். ஏரி வற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஏரி ஓரத்திலிருந்து உள்வாங்கி நடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். இன்னொன்றில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குட்டைகள் தேங்கும். கட்டியும் இந்த இரண்டு விதமாகவும் சுருங்கும். முழுதாக வற்றிவிட்டால் எது ஏரி, எது கரை என்றே தெரியாது. அதனால் வற்றுவதற்கு முன்பே அடையாளம் வைத்துவிட வேண்டும். பயாப்ஸி எடுக்கும்போதே, இல்லாவிட்டால் கீமோ தொடங்கும் முன், கட்டியின் நடுவில் சின்ன உலோகக் கிளிப் ஒன்று. இதற்கென்றே விற்கும் கிளிப் கிடைக்காவிட்டால், ரத்தக்குழாயை அடைக்க நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் டைட்டானியம் கிளிப்பையே ஊசியில் நுழைத்து, ஸ்கேன் பார்த்து வைத்துவிடலாம். செலவு மிகக் குறைவு. நம் நாட்டிலும் பாகிஸ்தானிலும் மருத்துவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். விலையுயர்ந்த விதையை ஆபரேஷனுக்கு முன் தினம் வைப்பதைவிட இந்த மலிவுக் கிளிப்பை நேரத்தோடு வைப்பதுதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

ஆபரேஷன் அன்று கம்பியோ, அதற்கு முன்பே விதையோ கிளிப்பை நோக்கி வைத்து, அந்தப் பகுதியை எடுக்கிறோம். எடுத்த சதையில் மேல்பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல் என்று கட்டுவோம். பேத்தாலஜி மருத்துவருக்குத் திசை தெரிய வேண்டுமே. உடனே அதை எக்ஸ்-ரே எடுக்க அனுப்புவோம். அந்தச் சில நிமிடங்கள் காயத்தை மூடாமல், ஈரத்துணி வைத்துக் காத்திருப்போம். திரையில் வெள்ளைக் கோடாகக் கிளிப் தெரிந்தால் சரி. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தெரிந்தால், அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுப்போம்.

அக்குளில் நெறி கட்டியிருந்தாலும் இதே கதைதான். நோய் இருந்த நிணநீர் முடிச்சில் கீமோவுக்கு முன் கிளிப் வைத்தால், பிறகு அதே முடிச்சைத் தேடி எடுக்கலாம். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2016-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான காவல் முடிச்சுச் சோதனை (நோய் முதலில் போய்ச் சேரும் முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பது) மட்டும் செய்தபோது மிச்ச நோயைத் தவறவிட்டது சுமார் 10 சதவீதம்; கிளிப் வைத்த முடிச்சையும் சேர்த்து எடுத்தபோது 2 சதவீதம். அக்குளை முழுக்கச் சுரண்டாமல் விட முடிந்தால் கைவீக்கமும் குறையும்.

கிளிப்பை வைத்துக்கொண்டு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, விமான நிலையத்தில் மணி அடிக்குமா என்று கேட்பார்கள். டைட்டானியம் கிளிப்போடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். மணி அடிக்கிற அளவு அதில் உலோகம் இல்லை.

ஒரு ஊரில் கீமோ, வேறு ஊரில் ஆபரேஷன் என்று போகிறவர்கள் இங்கே நிறைய. கீமோவுக்குத் தேதி கொடுக்கும்போதே “கிளிப் வைத்தாயிற்றா?” என்று கேளுங்கள். வைத்திருந்தால் எந்த மார்பு, கடிகார முள்ளின் எந்த மணித் திசை, காம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். கிளிப் வைத்த பிறகு எடுத்த மேமோகிராம் படத்தையும் அந்தக் காகிதத்தையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு வாருங்கள்.