இரண்டு ஆடுகளும் ஒரு மாடும்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், பால்மரத்தடியில் புல்லை மேயச் செம்மறியை விட்டதையும், லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடும் வெள்ளாடும் வளர்த்ததையும் நேரில் கண்ட பெரியவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அந்த மூன்று கால்நடைகளின் உறவுமுறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

செல்லுக்குள் டி.என்.ஏ.வைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தால் மாட்டுக்கு 60, வெள்ளாட்டுக்கும் 60, செம்மறிக்கு மட்டும் 54. எண்ணிக்கையை மட்டும் நம்புகிறவர் வெள்ளாட்டை மாட்டோடு சேர்த்துவிடுவார். நம் தமிழோ வெள்ளாடு, செம்மறி இரண்டையும் ஆடு என்றே அழைக்கிறது. தமிழ் சொல்வதே சரி என்பதற்கான சான்றுகளுள் ஒன்று, ஒரு காலத்தில் குப்பை என்று ஒதுக்கப்பட்ட டி.என்.ஏ.வில் கிடைக்கிறது.

2009-இல் மாட்டின் மரபணுத்தொகை வெளியானபோது, அதில் ஏறத்தாழப் பாதி, திரும்பத் திரும்ப வரும் வரிசைகளே என்று தெரிந்தது. அவற்றுள் சாட்டலைட் எனப்படும் வகை, ஒரே தொடரை அடுத்தடுத்து அடுக்கியது போல, செல் பிரியும்போது குரோமோசோமைப் பற்றி இழுக்கும் பிடிப்பகுதியில் குவிந்திருக்கிறது. பள்ளியில் ஒரு வரியை நூறு முறை எழுதச் சொன்னால், முதல் வரியைப் பார்க்காமல் மேல்வரியைப் பார்த்தே எழுதும் பிள்ளை ஓரெழுத்தைத் தவறவிட்டால், அந்தப் பிழை கீழே உள்ள எல்லா வரிகளிலும் இறங்கிவிடும் அல்லவா? சாட்டலைட்டிலும் ஒரு படியில் நேரும் மாற்றம், பல தலைமுறைகளில் மற்றப் படிகளுக்கும் பரவுகிறது. அதனால் ஒவ்வோர் இனவழிக்கும் அதற்கே உரிய ‘பிழை’கள் சேர்கின்றன. ‘முதலாம் சாட்டலைட்’ என்று பெயரிடப்பட்ட வரிசையின் ஒரு படி மாட்டில் சுமார் 1,400 டி.என்.ஏ. எழுத்து நீளம். செம்மறியிலும் வெள்ளாட்டிலும் அது சுமார் 820 தான். 54 என்ற எண், ஆறு இணைக் குரோமோசோம்கள் இந்தப் பிடிப்பகுதிகளில் ஒட்டி மூன்று நீண்ட இணைகளாக மாறியதால் வந்தது. உறவு அறுந்ததால் அன்று.

என்னை அதிகம் வியக்க வைப்பது இன்னொரு வகை. ‘போவ்-பி’ என்னும் அந்த வரிசை சுமார் 3,200 எழுத்து நீளமுள்ளது; தன்னைத் தானே படியெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் இயல்புடையது. இது மாட்டிலும் ஆடுகளிலும் ஆயிரக்கணக்கில் மலிந்திருக்கிறது; மனிதனிடம் இல்லை. ஆனால் பாம்பிடமும் பல்லியினங்களிடமும் உண்டு! பெற்றோர் வழியாக அன்றி, இனம் விட்டு இனம் தாவியே இது அசைபோடும் விலங்குகளின் மூதாதையிடம் வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சிறுவயதில் எங்கள் பசுவின் காதுமடலுக்குள், ஆமணக்கு விதை போல் பருத்திருந்த உண்ணியை விரலால் பிடுங்கி எறிந்திருக்கிறேன். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, ஊர்வனவற்றின் இரத்தத்தைக் குடித்து வாழும் உண்ணிகளிலும் இதே போவ்-பி இருப்பதைக் காட்டி, அதைச் சுமந்து வந்தது உண்ணியாகவே இருக்கலாம் என்று கூறியது.