அந்தத் திகதியை யார் போட்டது?

அன்பான நேயர்களுக்கு வணக்கம். அடுப்படியில் நின்றுகொண்டு கேட்கிறவர்களும் இருப்பீர்கள், கல்லடிப் பாலத்தால் வேலைக்குப் போய்க்கொண்டே கேட்கிறவர்களும் இருப்பீர்கள். எனக்குப் பன்னிரண்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். திட்ட இணைப்பாளர் வேலைக்கு வருகிறவர்களை நேர்முகப் பரீட்சையில் எப்படிப் பார்ப்பது, அதுதான் இன்றைய விஷயம். நேர்முகத்துக்குப் போகப்போகிற தம்பி தங்கச்சிமாரும் கேளுங்கள். ஆனால் நான் முக்கியமாகக் கதைக்கப்போவது மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்கிறவர்களோடு.

சுனாமிக்கு அடுத்த வருடம், 2005இல், நான் முதல் தடவையாக இந்த வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். மட்டக்களப்பில் அப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர்ப்பலகை. 'புரொஜெக்ட்', 'ஃபீல்ட்' என்ற சொற்கள் எங்கள் அம்மாமாரின் வாயில் புகுந்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு மேசைக்கு மற்றப் பக்கம் வந்தேன். எத்தனை பேரை நேர்முகம் கண்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. பிழையாகத் தெரிவு செய்தவர்களின் முகங்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன. அவர்கள் பிழையானவர்கள் என்று நான் சொல்லவில்லை. நாங்கள் பிழையான கேள்வியைக் கேட்டு எடுத்துவிட்டோம்.

இணைப்பாளர் என்றால் யார்? ஒரு கலியாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பந்தல்காரர் இன்னும் வரவில்லை என்பது யாருக்கு முதலில் தெரியும்? அநேகமாக ஒரு சித்தப்பாவுக்கு, இல்லாவிட்டால் ஒரு மாமிக்கு. அவர் சொல்வதைப் பந்தல்காரர் கேட்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. சமையல்காரரும் அவருடைய ஆள் இல்லை. ஆனாலும் எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். திட்ட இணைப்பாளரும் அப்படித்தான். மேசன் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர் இல்லை. கிராம உத்தியோகத்தர் அரசாங்கத்தின் ஆள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி அந்த ஊருக்குப் பெரிய மனுசி. பணம் தருகிறவர்கள் எங்கேயோ வெளிநாட்டில். இத்தனை பேரில் ஒருவருக்கும் கட்டளை போட முடியாது, ஆனால் வேலை முடிய வேண்டும்.

இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் என்ன கேட்கிறோம்? "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறோம். "நெருக்கடியிலும் வேலை செய்வீர்களா?" என்கிறோம். 'ஓம்' என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் இருக்கிறதா? அந்த 'ஓம்' இல் இருந்து எங்களுக்கு என்ன தெரியவரும்?

சரி, என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. 2010ஆம் ஆண்டு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கிராமம். மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன்னம் அந்தப் பக்கம் போவதென்றால் பாதைப்படகில் வாவியைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிப் போக வேண்டும். அறுபது மலசலகூடம் கட்டும் திட்டம், நான்தான் இணைப்பாளர். பணம் செப்டெம்பர் கடைசியில் வந்தது. டிசம்பர் 31க்குள் கட்டி முடித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று தாளில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

இந்தப் பக்கத்து ஆட்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். ஒக்டோபரில் பெரும்போக விதைப்பு, ஊரே வயலில் நிற்கும். மேசனுக்குக் கூட நின்று உதவ ஒரு ஆள் கிடைக்காது. மாரி பிடித்துவிட்டால் குழி தோண்டத் தோண்ட ஊற்று. இது எனக்குத் தெரியாதா? நான் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. சொன்னால் பணம் திரும்பிப் போய்விடுமோ, இவளால் ஏலாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

சீமெந்தை ஊர்ப் பொது மண்டபத்தில் அடுக்கி வைத்தோம். 2011 ஜனவரி வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். மண்டபத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், அடியில் இருந்த பைகள் எல்லாம் கல்லாகிக் கிடந்தன. பாதியில் இடிந்துபோன குழி ஒன்றுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னிடம் கோபிக்கவும் இல்லை. "மாரிக்குள்ள குழி தோண்டலாமா, புள்ள?" என்று மட்டும் கேட்டா. அந்தக் கேள்வியை நான் செப்டெம்பரில் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இந்த வேலைக்கு நான் தேடுவது ஒன்றைத்தான். பிழைக்கப்போகிறது என்று தெரிந்தால் அதை உரிய ஆளிடம் நேரத்தோடு சொல்கிறவரா? பட்டம், அனுபவம், கணினி எல்லாம் வேண்டும்தான். ஆனால் அவை சுயவிபரக் கோவையில் இருக்கும். இது அதில் இருக்காது. 'உண்மையைச் சொல்வீர்களா' என்று கேட்டும் பயன் இல்லை, அதற்கும் பதில் 'ஓம்' தான்.

அதனால் ஒரு காகிதம் தயாரித்தேன். ஒரு பக்கம்தான், தமிழில். ஒரு கிராமம், இத்தனை வீடு, இவ்வளவு பணம், செப்டெம்பர் கடைசியில் தொடக்கம், டிசம்பரில் முடிவு. நேர்முகத்துக்கு வருகிறவரை அறைக்குள் கூப்பிட முன்னம் அதைக் கொடுத்து, இருபது நிமிடம் தனியாக இருத்திவிடுவோம். "இதை எப்படிச் செய்வீர்கள் என்று எங்களுக்கு விளக்குங்கள்." அவ்வளவுதான்.

கூடுதலானவர்கள் கட்டம் போட்டு வேலையைப் பிரித்து வருவார்கள். முதல் வாரம் கூட்டம், இரண்டாம் வாரம் பயனாளிகள் தெரிவு, இப்படி. பார்க்க நல்ல வடிவாக இருக்கும். ஒருநாள் போரதீவுப்பற்றுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று வந்தது. தாளில் ஒன்றும் எழுதவில்லை. இருந்ததும் இருக்காததுமாக எங்களைக் கேட்டது, "இந்தத் திகதிய யாரு மிஸ் போட்டது?"

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஏன் கேட்கிறீர்கள் என்றேன். விதைப்பு முடியும் வரைக்கும் கூலிக்கு ஆள் வராது, பிறகு தண்ணீர் வந்துவிடும் என்று சொன்னது. அப்போ திட்டத்தை விட்டுவிடுவதா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு, நிதானமாக அடுக்கியது. இந்த மூன்று மாதத்தில் பயனாளிப் பட்டியலைப் பிரதேச செயலகத்தோடு இருந்து சரிபார்க்கலாம். கூரைக்குக் கீழே கொங்கிரீட் வளையங்களை வார்த்து வைக்கலாம். அறுவடை முடிந்து பங்குனியில் குழி தோண்டலாம். பணம் தருகிறவர்களிடம் தவணை கேட்டு இன்றைக்கே கடிதம் எழுத வேண்டும். "டிசம்பர்ல கேட்டா சாட்டு எண்டு நினைப்பாங்க. இப்ப கேட்டா யோசிச்சுத்தான் கேக்கிறம் எண்டு விளங்கும்."

அந்தப் பிள்ளையைத் தெரிவு செய்வதில் எங்களுக்குள் இழுபறிதான். மூன்று பேர் இருந்தோம். ஒருவர் மிகக் குறைந்த புள்ளி போட்டிருந்தார். தந்த வேலையைச் செய்யாமல் எதிர்த்துக் கதைக்கிறா, நாளைக்கு எங்களையும் எதிர்ப்பா என்பது அவருடைய நியாயம். எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு ஒழுங்கு. எந்தப் பதிலுக்கு எத்தனை புள்ளி என்று நேர்முகத்துக்கு முதல் நாளே மூவரும் எழுதி ஒத்துக்கொண்டிருந்தோம். 'காலநிலையையும் பயிர்க்காலத்தையும் கவனித்துத் திகதியைக் கேள்வி கேட்டால் ஐந்து' என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்டினோம். அவர் நேர்மையான மனிதர், புள்ளியைத் திருத்தினார். வேலைக்கு வந்த பிள்ளை அறிக்கை எழுதுவதில் முதல் ஆறு மாதம் கஷ்டப்பட்டது. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஒரு பை சீமெந்தும் பழுதாகவில்லை.

என் காகிதத்தை அப்படியே எடுத்துவிடாதீர்கள். உங்கள் வேலையில் இருந்து உங்கள் காகிதத்தைச் செய்யுங்கள். கரையோரத்து மீனவர் திட்டம் என்றால் கரைவலை இழுக்கும் நேரத்தில் கூட்டம் போட்டு வையுங்கள், கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை நண்பகல், ஜும்ஆத் தொழுகை நேரத்தில், ஒரு பயிற்சி போடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊருக்கு அதே கிழமையில் அளவெடுக்க ஆள் அனுப்புங்கள். அம்பாறையில் இருந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 20 பிரதேச செயலகப் பிரிவு, மூன்று சமூகம், ஒரு அலுவலகத்தில் தமிழ், அடுத்ததில் சிங்களம். அங்கே கடிதம் எந்த மொழியில் போகிறது என்பதே ஒரு நல்ல கேள்வி.

முன்கூட்டியே எழுதி வைத்த கேள்வி, எல்லோருக்கும் அதே கேள்வி, அதே புள்ளி. இது நான் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் ஷ்மிட், ஹன்டர் என்று இரண்டு உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 1998இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வாய்க்கு வந்தபடி கேட்கிற நேர்முகத்தை விட, இப்படி ஒழுங்குபடுத்திய நேர்முகமும், வேலையில் ஒரு துண்டைச் செய்து காட்டச் சொல்வதும், ஒருவர் பிறகு எப்படி வேலை செய்வார் என்பதைக் கூடச் சரியாகக் காட்டுகின்றன என்பது அவர்கள் கண்டது. 2022இல் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் திருத்திப் பார்த்தபோதும் ஒழுங்குபடுத்திய நேர்முகம்தான் முன்னுக்கு நின்றது. இன்னும் ஒன்று. புள்ளியை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்ட பிறகுதான் வாய் திறக்க வேண்டும். தலைவர் முதலில் "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களின் பேனாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

வேலை அனுபவம் இல்லாதவர்களை என்ன கேட்பது என்பீர்கள். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நேரே வருகிற பிள்ளைகள். அவர்களிடம் ஊரைப் பற்றிக் கேளுங்கள். ஒரு தம்பி கோயில் சடங்கை நடத்திய கதையைச் சொன்னார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு, எந்த நாள், எந்தக் குடிக்கு எந்த உரிமை என்று பரம்பரையாக இருக்கிறது. அந்த வருடம் இரண்டு குடிக்காரர்களுக்குள் பிணக்கு. "கதைச்சுத் தீர்த்தோம்" என்றார். நான் விடவில்லை. அதில நீங்கள் செய்தது என்ன தம்பி? பெரியவர்களை ஒன்றாகக் கூட்டாமல், முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியே போனாராம். இரவில் போனாராம், ஆட்கள் பார்க்காத மாதிரி. யார் எதை விட்டுக்கொடுப்பார்கள் என்று தெரிந்த பிறகுதான் கூட்டத்துக்கு நாள் குறித்தாராம். இதைவிட ஒரு இணைப்பாளருக்கு வேறு என்ன தெரிய வேண்டும்!

இதைக் கவனியுங்கள். எங்கள் ஆட்கள் 'நான் செய்தேன்' என்று சொல்லமாட்டார்கள். 'செய்தோம்' என்பார்கள், தனியே சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும் என்று. அது நல்ல பழக்கம். அதற்காகப் புள்ளி குறைக்காதீர்கள். அதில நீங்கள் செய்தது என்ன என்று அன்பாக இன்னொரு தடவை கேளுங்கள். நேர்முகத்துக்குப் போகிற பிள்ளைகளே, அந்த அறைக்குள் மட்டும் 'நான்' என்று சொல்லுங்கள், குற்றமில்லை.

பெண்பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விகளைப் பற்றி நான் எங்கே போனாலும் கதைப்பேன், இங்கேயும் கதைக்கிறேன். கலியாணம் முடித்தால் வேலையை விடுவீர்களா, வீட்டில் விடுவார்களா, பிள்ளையை யார் பார்ப்பது? ஆண்களிடம் ஒருவரும் இதைக் கேட்பதில்லை. மோட்டார் சைக்கிளில் படுவான்கரைக்குப் போய்வர வேண்டும் என்றால் அதை விளம்பரத்திலேயே எழுதுங்கள், பிறகு எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள். தூரத்து ஊரில் கூட்டம் இருட்டும் வரைக்கும் நீண்டால் என்ன ஏற்பாடு என்பதற்கு நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஆங்கிலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். நேர்முகத்தை வேலை நடக்கிற மொழியில் நடத்துங்கள். ஆங்கில அறிக்கை தேவை என்றால் அரை மணித்தியாலம் ஒரு பக்கம் எழுத விட்டு, அதைத் தனியாகப் பாருங்கள். நல்ல ஆங்கிலத்தோடு நல்ல வேலைக்காரர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது.

கடைசியாக, தெரிவாகாதவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். பதில் வரும் வரும் என்று இரண்டு மாதம் காத்திருந்து, கைக்கு வந்த இன்னொரு வேலையை விட்ட பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எது நன்றாக இருந்தது, எதில் புள்ளி குறைந்தது என்று இரண்டு வசனம். புள்ளித் தாள் கையில் இருந்தால் அதைச் சொல்வது கஷ்டமும் இல்லை... சரி, நேரம் முடிந்துவிட்டது. காகிதம் தயாரிப்பதைப் பற்றி ஏதும் கேட்க இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள், எனக்குத் தருவார்கள். நன்றி, வணக்கம்.