12 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்யலாமா?

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. மழலையர் கல்வி ஆசிரியர் பயிற்சியில் கடைசி வருடம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: "நான் பயிற்சிக்குப் போகும் வகுப்பில் 12 குழந்தைகள்தான். இவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு எந்தப் புள்ளியியல் சோதனை போடுவது? இதை ஆய்வு என்று ஒத்துக்கொள்வார்களா?"

தாராளமாக ஆய்வுதான், அம்மா. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே தன் மூன்று பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய குறிப்புகளை இன்றைக்கும் படிக்கிறோம். 12 பேரைப் பார்த்துவிட்டு "எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சோதனையெல்லாம் வேண்டாம், எண்ணி அட்டவணை போட்டால் போதும்.

எப்படிப் பார்க்கப் போகிறீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். மில்ட்ரெட் பார்ட்டன் பெயரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தனியாக விளையாடுவது, பக்கத்தில் இருந்துகொண்டே அவரவர் விளையாடுவது, கூடி விளையாடுவது என்று வகை பிரித்தாரே, அவர்தான். இந்த வகைகளை அவர் எழுதி 1932இல் வெளிவந்த கட்டுரைக்கு அடிப்படை, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த வேலை. அதாவது, அதுவும் ஒரு மாணவியின் ஆய்வு! அந்த வகைகளை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். அவர் பார்த்த முறையை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு குழந்தையை ஒரு நிமிடம் பார்ப்பார், குறித்துக்கொள்வார், அடுத்த குழந்தைக்குப் போய்விடுவார்.

ஏன் அப்படி? சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் நம் கண் சத்தம் போடுகிற பிள்ளை மேலேயே போகும். முறை வைத்துப் பார்த்தால்தான் ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கும் அதே ஒரு நிமிடம் கிடைக்கும்.

என்னிடம் ஆய்வு செய்த ஒரு மாணவி, முதல் வாரம் ஒரு பையனைப் பற்றி "எதிலும் சேர மாட்டான், கூச்ச சுபாவம்" என்று எழுதி வந்தார். அவ்வளவுதான் குறிப்பு. நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்: நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் கண்ணில் பட்டது, வலது பக்கம் நீங்கள் நினைத்தது. அடுத்த வாரம் இடது பக்கம் நிறைந்துவிட்டது. மரக்கட்டை அடுக்கும் குழுவுக்கு இரண்டடி தள்ளி நின்றான். சரியப் போகும் கட்டையைக் கையால் காட்டினான். இவன் காட்டிய இடத்தில் இன்னொரு பெண் கட்டையை நகர்த்தினாள். வலது பக்கம் "கூச்சம்" என்று எழுத அவருக்கே கை வரவில்லை. பார்ட்டனின் பட்டியலில் வேடிக்கை பார்ப்பதும் ஒரு வகை என்பதை மறக்க வேண்டாம்.

"அடம் பிடித்தாள்" என்பதும் வலது பக்கச் சொல்தான். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், மூன்று முறை "என்னுது" என்றாள், அது இடது பக்கம். முடிந்தால் தோழி ஒருவரையும் அதே நிமிடத்தில் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு நோட்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த இடத்தில் உங்கள் வகைப்பாடு தெளிவாக இல்லை என்று அர்த்தம். அதையும் அறிக்கையில் எழுதுங்கள், ஒளிக்காதீர்கள்.

நீங்கள் சோதனையைப் பற்றிக் கேட்டீர்கள். "இந்த 12 பேரில் நான் இன்னும் சரியாகப் பார்க்காத குழந்தை யார்?" என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். உங்கள் ஆய்வுத் தலைப்பே அதிலிருந்து கிடைத்துவிடும்.

அப்புறம், பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஆரம்பிக்க வேண்டாம். அறிக்கையில் குழந்தைகளின் பெயரை மாற்றிவிடுங்கள். நீங்கள் நோட்டும் கையுமாக நிற்பது பிடிக்காமல் ஒரு குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், அன்றைக்கு அந்தக் குழந்தையை விட்டுவிடுங்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி.